சரியாகக் கடிக்காத மூடி

அடுப்பு என்றால் புகையத்தான் செய்யும். ஆனால் புகைபோக்கி என்று ஒன்று இருக்கும்போது, அதை விட்டுவிட்டு முதுகு வழியாகப் புகைவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

சிட்டுவின் அப்பாவுக்கு வந்தது. கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த வெள்ளிக்கிழமை மாலை அவர் கண்ணாடியை ஆறு தடவை துடைத்துவிட்டார்.

"நூத்தி இருபது," என்றார், அடுப்பின் முன்பக்கம் இருந்த சூடு காட்டும் முள்ளைப் பார்த்து. "ஒரு மணி நேரமா அங்கேயே நிக்குது. நூத்தி எண்பது வரணும்."

"தட்டினா வரும் அத்தான்," என்றார் மாமா. ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

முள் நூற்றுப் பத்துக்கு இறங்கியது.

சிட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. அப்பா நூலகர், எதையும் படித்துப் பார்த்துத்தான் செய்வார். மாமா ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுபவர். எதையும் தட்டிப் பார்த்துத்தான் செய்வார். இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தால், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

அந்த கிரில் அடுப்பு மாமா கொடுத்தது. பெரிய பீப்பாயைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த, சுண்டுவிரல் நுனி அளவு குச்சிகள்தான் அதற்கு விறகு. பக்கத்திலிருக்கும் பெட்டியில் அவற்றைக் கொட்டினால், உள்ளே ஒரு திருகு சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். சின்ன விசிறி ஒன்று ஊதிக்கொண்டே இருக்கும். மூடி இறுக மூடியிருந்தால் சூடு உள்ளேயே நின்று, எதை வைத்தாலும் பக்குவமாக வேகும்.

மூடி இறுக மூடியிருந்தால்தான்!

இப்போது பின்பக்க மூலையில், மூடிக்கும் அடுப்புக்கும் நடுவிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தது. கூடவே சூடும் போனது. குச்சிகள் மட்டும் தீர்ந்துகொண்டே இருந்தன.

"நல்லா தின்னுது, வேலை மட்டும் செய்ய மாட்டேங்குது," என்றார் அப்பா.

"என்னைச் சொல்றீங்களா, அடுப்பைச் சொல்றீங்களா?" என்று கேட்டார் மாமா.

அன்று நடந்தது ஒத்திகைதான். உண்மையான சமையல் ஞாயிற்றுக்கிழமை. அன்று மதியம் அம்மா வீட்டுக்கு வருகிறார். ரயில் ஓட்டும் பயிற்சிக்காக மூன்று மாதம் வேறு ஊரில் இருந்தவர். போன வாரம் தேர்வில் தேறிவிட்டார். போனில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சு. எனக்குத் தம்பி வீட்டுல சாப்பிட்ட மாதிரியே அந்த அடுப்புல சுட்ட முழுக் கோழி வேணும். மேல மொறுமொறுன்னு, உள்ள மெத்துன்னு. அவ்வளவுதான்."

"அக்கா கேட்டு நான் செய்யாம இருப்பேனா?" என்று மாமா மார்தட்டியிருந்தார். "நானும்தான்," என்று அப்பா சொல்லியிருந்தார்.

இப்போது இரண்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தார்கள். கோழி வெளியே கரியைப் பூசிக்கொண்டதுபோல் கறுத்திருந்தது. கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை.

"இடைவெளியை அடைச்சுட்டா சரியாயிடும்," என்றார் மாமா. "ரொட்டிக் கம்பெனிக்காரன் எனக்கு மாவு பத்தித் தெரியாதா? கொண்டா வாண்டு, கோதுமை மாவை!"

மாமாவுக்குச் சிட்டு எப்போதும் வாண்டுதான். அவள் மாவைக் கொண்டுவந்தாள். மாமா பிசைந்து, நீளமாக உருட்டி, மூடியின் விளிம்பு முழுவதும் ஒட்டினார். புகை நின்றது. மாமா அப்பாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அரை மணி நேரத்தில் மாவு வெந்து, வெடித்து, துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. புகை பழையபடி கிளம்பியது.

சிட்டு ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "மாமா, ரொட்டி நல்லா வந்திருக்கு. கோழிதான் வேகல."

வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"நீ கொடுக்கும்போதே இது இப்படித்தான் இருந்திருக்கும்," என்றார் அப்பா.

மாமாவின் முகம் மாறியது. "என் வீட்டுல அஞ்சு வருஷம் நல்லா இருந்த அடுப்பு, அத்தான். இங்க வந்து ரெண்டே மாசத்துல இந்தக் கதி. நீங்க என்ன பண்ணீங்களோ!"

"நான் புத்தகத்துல இருக்கறபடிதான் பண்றேன்."

"புத்தகத்தைப் படிச்சா போதுமா? கை வேணும்!"

"தட்டினா போதுமா? மூளை வேணும்!"

சொன்னதும் அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா?

மாமா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார். "சரி. மூளை இருக்கறவங்களே சமைச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை நான் வரல. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. சிட்டுவின் வாயிலிருந்த ரொட்டித் துண்டு தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

ஏனென்றால், அந்த மூடி எப்படிக் கெட்டது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன் அடுப்பு வந்த நாள். அப்பாவும் மாமாவும் அதை வேனிலிருந்து இறக்கி வாசலில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனார்கள். அடுப்பைப் பார்த்தால் சிட்டுவுக்குக் குதிரை மாதிரித் தெரிந்தது. ஏறி உட்கார்ந்து, "ஹை! ஹை!" என்று ஓட்டினாள். இறங்கும்போது மூடி திறந்துகொண்டு பின்னால் சாய்ந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு நொடி தொங்கினாள். பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

அவள் மூடியை மெதுவாக மூடிவைத்துவிட்டு நல்ல பிள்ளையாக ஓரமாக நின்றுகொண்டாள். யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சண்டை நடந்த வெள்ளிக்கிழமை இரவு அம்மா போனில் வந்தார்.

"மாமாவும் அப்பாவும் சண்டை போடாம இருக்காங்களா?"

"எல்லாம் நல்லா இருக்கு," என்று அப்பா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். உடனே கண்ணாடியைத் துடைத்தார்.

"சிட்டு, உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. ரொட்டி சாப்பிட்டேன். தொண்டையில மாட்டிக்கிச்சு."

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் சிட்டு நேராக அடுப்பிடம் போனாள். அது ஆறிக் கிடந்தது. மூடி எந்த இடத்தில் சரியாக உட்காரவில்லை? குனிந்து பார்த்தாள். ஒரு பக்கம் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்தது. இன்னொரு பக்கம் பார்த்தால் எல்லாமே கோணல்.

நாக்கால் கடைவாய்ப் பல்லைத் தடவியபடி யோசித்தாள். போன வாரம்தான் அந்தப் பல்லில் ஓட்டை அடைத்தார்கள். பல் டாக்டர் ஒரு நீலக் காகிதத்தை வாய்க்குள் வைத்து, "கடி கண்ணு," என்றார். பிறகு, "மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எங்க சேருது, எங்க சேரலன்னு காகிதம் சொல்லிடும்," என்றார்.

அடுப்புக்கும் மேல் ஒன்று, கீழ் ஒன்றுதானே!

சிட்டு பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நீள நீளமாக வெட்டினாள். ஒரு துண்டை விளிம்பில் வைத்து மூடியை மூடினாள். "கடி கண்ணு," என்றாள். பிறகு காகிதத்தை இழுத்தாள். அது வரவில்லை. அங்கே மூடி நன்றாகக் கடித்திருந்தது. சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

கொஞ்சம் தள்ளி மறுபடியும். கோடு. மறுபடியும். கோடு. பின்பக்கம் வலது மூலைக்கு வந்தபோது காகிதம் வெண்ணெயில் வைத்த கத்திபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு வட்டம் போட்டாள். அடுத்த இடத்திலும் வட்டம். வலது மூலையில் மட்டும் ஐந்து வட்டங்கள்.

அதே மூலையில்தான் மூடியைத் தாங்கும் கீல் இருந்தது. இடது பக்கக் கீலில் போல்ட்டுகள் விறைப்பாக நின்றன. வலது பக்கத்தில் ஒரு போல்ட் தளர்ந்து, கீல் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது.

டக்.

இப்போது அப்பாவைக் கூப்பிட்டு, "போல்ட் லூசா இருக்கு," என்று மட்டும் சொல்லலாம். அடுப்பு சரியாகிவிடும். ஆனால் மாமா? போல்ட்டை முறுக்கினால் மாமா வந்துவிடுவாரா?

அவள் சமையலறைக்குப் போனாள். அப்பா மேசையில் அடுப்பின் குறிப்புப் புத்தகத்தை விரித்துவைத்து நாலாம் பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா. ஒண்ணு சொல்லணும். திட்டினாலும் பரவாயில்ல, ஆனா முழுசா கேட்டுட்டுத் திட்டுங்க."

குதிரை, கைப்பிடி, டக், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "மாமா நல்ல அடுப்பைத்தான் கொடுத்தாரு. நீங்களும் ஒண்ணும் பண்ணல. நான்தான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. புத்தகத்தை மூடி, கையில் எடுத்துக்கொண்டார்.

"செருப்பைப் போடு," என்றார். "மாமாவைப் பார்த்துட்டு வரலாம்."

வேன்கள் நிற்கும் கொட்டகையில் மாமா தன் வேனுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும், ஏற்கனவே தேய்த்த கதவையே மறுபடியும் தேய்த்தார்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை கனைத்தார்.

"இருமலா?" என்று மாமா கதவைப் பார்த்துக் கேட்டார்.

இது நடக்காது என்று தெரிந்துவிட்டது. சிட்டு முன்னால் போய் நின்றாள். "மாமா, அடுப்பு வந்த அன்னிக்கு நான் மூடியைப் பிடிச்சுத் தொங்கினேன். கீல் இறங்கிடுச்சு. உங்ககிட்டயும் சொல்லல, அப்பாகிட்டயும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டப்பகூட சொல்லல. தப்புதான் மாமா."

மாமாவின் கையிலிருந்த சோப்பு நுரை சொட்டியது. "வாண்டு..." என்று ஆரம்பித்தார்.

"இரு மச்சான்," என்றார் அப்பா. அவர் புத்தகத்தைப் பிரித்து நாலாம் பக்கத்தைக் காட்டினார். "இதைப் படி. 'அடுப்பை மூடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது.' வேனிலிருந்து இறக்கும்போது நான் எதைப் பிடிச்சுத் தூக்கினேன்னு ஞாபகம் இருக்கா?"

"மூடியைத்தான்."

"அடுத்த நாளே இதைப் படிச்சுட்டேன். ரெண்டு மாசமா வெளிய சொல்லல. நூலகரே படிக்காம செஞ்சுட்டாருன்னு நீ சிரிப்பியேன்னு. நேத்து உன்மேல பாய்ஞ்சதும் அதனாலதான். அந்த மூளை பேச்சு... அது பெரிய தப்பு, மச்சான்."

மாமா துணியை வாளியில் போட்டார்.

"மூடி விளிம்புல சுத்தி ஒரு கறுப்பு நாடா ஒட்டியிருக்கணும்," என்றார் மெதுவாக. "கம்பளி மாதிரி மெத்துன்னு. சூடு வெளிய போகாம அதுதான் தடுக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். பாதி கையோட வந்துடுச்சு. 'அஞ்சு வருஷம் நல்லா இருந்துச்சு'ன்னு சொன்னேன் பாருங்க, அதுல மூணுதான் நிஜம்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மாமாதான். சிரிப்பில் வேனே அதிர்ந்தது.

"ஒரு அடுப்பைக் கெடுக்க மூணு பேர் வேண்டியிருந்திருக்கு!"

"அப்ப சரிபண்ணவும் மூணு பேர் வேணும்," என்றாள் சிட்டு. "வாங்க மாமா. கையும் வேணும், மூளையும் வேணும்."

அடுப்பு ரிப்பேர் கடையில் ஓர் அக்கா இருந்தார். அலமாரியின் அடியிலிருந்து நெருப்பு தாங்கும் நாடாச் சுருளை எடுத்தார். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் மெத்தை. "எவ்வளவு நீளம் வேணும்?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். சிட்டு பாவாடைப் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். வரும் வழியில் வீட்டில் நின்றபோது அவள் விளிம்பைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"இந்த முடிச்சு வரைக்கும். மேல ஒரு சாண்."

"பரவாயில்லையே," என்றார் கடைக்கார அக்கா. "பெரியவங்க எல்லாம் கையை விரிச்சுக் காட்டுவாங்க, 'இவ்வளவு பெரிய அடுப்பு'ன்னு. ஒட்டறதுக்கு முன்னால பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது. ஒட்டினப்புறம் ஒரு நாள் முழுக்க மூடியை மூடியே வெக்கணும். நாடாவை இழுத்து ஒட்டாதீங்க, அப்புறம் சுருங்கிடும்."

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தார்கள். மாமா ஸ்பேனரால் கீலைத் தளர்த்தி, மூடியைத் தூக்கிப் பிடித்தார். சிட்டு காகிதத் துண்டை வைத்து, "கொஞ்சம் மேல... இன்னும் கொஞ்சம்... போதும்!" என்றாள். காகிதத்தை இழுத்தாள். வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்த நிலையிலேயே அப்பா போல்ட்டை முறுக்கினார்.

பிறகு பிசுக்கு. ஐந்து வருடப் புகையும் எண்ணெயும் தார் மாதிரி ஒட்டியிருந்தன. அப்பா வெந்நீரும் சோப்பும் வைத்துச் சுரண்டினார். மாமா கம்பி பிரஷ்ஷை எடுத்தார்.

"மாமா!"

"பழக்க தோஷம்," என்று அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

ஈரம் காய்ந்ததும் சிட்டுவே நாடாவை ஒட்டினாள். இழுக்காமல், ஒவ்வொரு விரல் அளவாக, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். மூலையில் திரும்பும் இடத்தில் மட்டும் அப்பா கத்தரியால் சீராக வெட்டிக் கொடுத்தார். மிஞ்சிய துண்டைப் பார்த்ததும் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"இதை அந்தப் புகைபோக்கியிலும் ஒட்டிட்டா, கொஞ்சம்கூட சூடு போகாதே?"

"ஐயோ மாமா! வாயை மூடலாம். மூக்கையும் சேர்த்து மூடினா எப்படி மூச்சு விடும்?"

அப்பா அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒன்பதாம் பக்கம். அதையேதான் சொல்றாங்க," என்றார்.

மூடியை மூடியபோது மணி பன்னிரண்டு. நாளைக்குப் பன்னிரண்டு மணிவரை யாரும் தொடக் கூடாது. மாமாவின் கை பரபரத்தது. சிட்டு ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மூடியில் மாட்டினாள்: 'தட்டக் கூடாது.'

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பன்னிரண்டுக்கு அட்டையை எடுத்தாள். அப்பா குச்சிகளைக் கொட்டி அடுப்பைப் பற்றவைத்தார். விசிறி ஊதத் தொடங்கியது. மூவரும் பின்பக்க மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றும் வரவில்லை. புகைபோக்கியிலிருந்து மட்டும் மெல்லிய நீலப் புகை நேராக எழுந்தது.

முள் ஏறியது. எண்பது. நூறு. நூற்று இருபதில் வந்து நின்றது.

அப்பாவின் கை கண்ணாடியை நோக்கிப் போனது. மாமா தன் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். சிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முள் லேசாக நடுங்கியது. நூற்று முப்பது. நூற்று ஐம்பது. பிறகு எதுவுமே நடக்காததுபோல் நூற்று எண்பதில் போய் உட்கார்ந்தது.

"கோழி! கோழியை வை!" என்று மூவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

கோழியும் அதைச் சுற்றி உருளைக்கிழங்குகளும் உள்ளே போயின. மாமா வேனை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் பறந்தார். அவர் அம்மாவோடு திரும்பியபோது மணி இரண்டு. அம்மா பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு, முதலில் சிட்டுவை, பிறகு அப்பாவைக் கட்டிக்கொண்டார். அப்புறம் மூக்கை உறிஞ்சி, வாசம் வந்த வழியே கொல்லைப்புறத்துக்கு நடந்தார்.

அப்பா மூடியைத் திறந்தார். கோழி தேன் நிறத்தில் மின்னியது. அம்மா ஒரு காலைப் பிய்த்தபோது தோல் 'மொறுக்' என்றது. உள்ளே மெத்தென்று வெந்திருந்தது.

அம்மா கண்ணை மூடி மென்றார்.

"அம்மா," என்றாள் சிட்டு. "இந்த மூடியை முதல்ல கெடுத்தது நான்தான். போன்ல உன்கிட்ட சொல்லல. ரொட்டி மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன்ல, அது பாதிப் பொய்."

அம்மா கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார், வரிசையாக நின்ற இருவரையும் பார்த்தார், மூடியைச் சுற்றிப் புதிதாக ஒட்டியிருந்த கறுப்பு நாடாவையும் பார்த்தார்.

"சரி," என்றார் வாய் நிறைய. "இன்னொரு காலையும் என் தட்டுல வை."

நால்வரும் அடுப்பைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம் மட்டுமே கேட்டது. அம்மா ஒரு உருளைக்கிழங்கை இரண்டாக உடைத்தார். ஆவி குப்பென்று கிளம்பியது. பெரிய துண்டைச் சிட்டுவிடம் கொடுத்தார்.

"இப்ப கேளுங்க," என்று விரலை நக்கிக்கொண்டார். "முதல் நாள் என்னை ரயிலை ஓட்டச் சொன்னாங்களா? நான் என்ன பண்ணேன் தெரியுமா?"

சிட்டு சூடான உருளைக்கிழங்கை இரு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்தபடி, நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.